கல்லாவில் இருந்தபடி பார்க்கிங் ஆலோசனை சொல்லும் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் தமிழ்க் கடையும் கல்யாண மண்டபமும் நடத்துகிற அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடைக்கு முன்னால் இருக்கும் கார் பார்க்கில் வண்டியை விட்டவருக்கு ஒரு கிழமை, பத்து நாள் கழித்து 100 பவுண் கேட்டுத் தபாலில் கடிதம் வருகிறது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருகிறார், ஏனென்றால் அந்த கார் பார்க் உங்களுடையது என்று நினைத்துத்தான் அவர் அங்கே வண்டியை விட்டார். நீங்கள் மீன் வெட்டிக்கொண்டோ பில் போட்டுக்கொண்டோ, நிமிர்ந்தும் பார்க்காமல், "கிழிச்சுக் குப்பையில போடுங்கோ அண்ணை, பிரைவேட்காரன், அவனால ஒண்டும் செய்ய ஏலாது" என்கிறீர்கள். பக்கத்துக் கடையில் கேட்டால் நேர்மாறாக, "உடனே கட்டிப்போடுங்கோ, கோர்ட்டுக்குப் போனால் விசாவுக்குப் பிரச்சினை" என்கிறார்கள். ஈஸ்ட்ஹாமிலும் கேட்டிருக்கிறேன், வெம்ப்ளியிலும் கேட்டிருக்கிறேன், ஹாரோவிலும் இதே இரண்டு வசனம்தான். கடிதத்தை வாங்கி ஒரு தரம் வாசித்துவிட்டுச் சொன்ன முதலாளியை நான் இன்னும் காணவில்லை.

நான் சட்டத்தரணி இல்லை. சொந்தக்காரர், அயலவர், கோயிலில் கண்டவர் என்று கடிதத்தோடு வருகிறவர்களுக்கு அதை வாசித்துச் சொல்கிற ஆள், அவ்வளவுதான். அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் ஆலோசனையைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருகிறார்கள் என்பதால்தான் இந்த மடல். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் கதை வேறு, அங்கே இருக்கிற உறவுகள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முதலில், அது யாருடைய கடிதம் என்று பார்க்கச் சொல்லுங்கள். கவுன்சில் அனுப்பியதும் தனியார் அனுப்பியதும் இரண்டுமே மேலே பி.சி.என் என்றுதான் போட்டிருக்கும், கவுன்சிலுடையதில் பி என்பது பெனால்டி, தனியாருடையதில் பார்க்கிங். கவுன்சிலுடையது சட்டப்படியான தண்டம், அதை எதிர்க்கக் கவுன்சிலுக்கும் பிறகு டிரிபியூனலுக்கும் போக வேண்டும், அதைக் குப்பையில் போட்டால் தொகை ஏறி ஏறிக் கடைசியில் பொருளைத் தூக்க வரும் பெய்லிஃப் வாசலில் நிற்பார். உங்கள் பேச்சைக் கேட்டுக் கவுன்சில் கடிதத்தைக் கிழித்தவர்களும் இருக்கிறார்கள். தனியார் கம்பெனி அனுப்புவது அப்படிப்பட்ட தண்டமே அல்ல. "எங்கள் பலகையில் போட்டிருந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டு நிறுத்தினாய், அதை மீறினாய், ஆகவே காசைத் தா" என்கிற ஒப்பந்தக் கணக்கு அது. குற்ற வழக்கு இல்லை, பொலிஸில் பதிவும் வராது. விசாக் கதையைத் தயவுசெய்து இதோடு விட்டுவிடுங்கள்.

சரி, குப்பையில் போடும் ஆலோசனைக்கு வருவோம். ஒரு காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். வண்டியை யார் ஓட்டினார் என்று கம்பெனிக்குத் தெரியாது, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாயைத் திறக்காவிட்டால் யார்மேல் வழக்குப் போடுவது என்றும் தெரியாது. அதனால்தான் அந்தக் காலத்தில் சக்கரத்தில் பூட்டைப் போட்டுவிட்டுக் காசைக் கொடுத்தால்தான் கழற்றுவோம் என்று நின்றார்கள். 2012 அக்டோபர் 1ஆம் திகதியோடு அந்த ஆட்டம் முடிந்தது. புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் என்ற சட்டம் தனியார் நிலத்தில் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது, ஆனால் அதே சட்டத்தின் 4ஆவது அட்டவணை கம்பெனிகளுக்கு வேறொன்றைக் கொடுத்தது: சில நிபந்தனைகளைச் சரியாகப் பின்பற்றினால், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் வண்டி பதிவாகியிருக்கிற ஆளிடமே காசைக் கேட்கலாம். உங்களில் பலருக்குப் பூட்டு ஒழிந்த செய்தி வந்து சேர்ந்திருக்கிறது, மற்றப் பாதி வரவில்லை.

பிறகு 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதி, இரண்டு மணி நேரம் இலவசம். பாரி பீவிஸ் என்பவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றார், அந்த கார் பார்க்கை நடத்திய பார்க்கிங்ஐ கம்பெனி 85 பவுண் கேட்டது, அவர் கட்ட மாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். கம்பெனிக்கு ஒரு சதமும் நட்டமில்லையே, பிறகு எதற்கு 85 பவுண் என்பதுதான் அவருடைய வாதம். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்கு எதிராகச் சொன்னார்கள். கார் பார்க்கில் இடம் சுழன்றுகொண்டிருப்பதில் நில உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் நியாயமான அக்கறை இருக்கிறது, தொகை அளவுக்கு மீறியதல்ல, பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்பது தீர்ப்பின் சாரம். "நட்டமில்லாமல் கேட்க ஏலாது" என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் அன்றோடு செத்துவிட்டது. ஆனால் பலகை பெரிதாகத் தெளிவாக இருந்தது என்று சொன்னார்களே, அந்தப் பகுதி நமக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது குப்பையில் போட்டவருக்கு என்ன நடக்கிறது? முதலில் ஒரு நினைவூட்டல். பிறகு கடன் வசூலிக்கிற கம்பெனியின் பெயரில் சிவப்பு எழுத்துக் கடிதம், அதில் இன்னும் 70 பவுண் ஏறியிருக்கும். இவர்கள் வீட்டுக்கு வந்து பொருளைத் தூக்கும் பெய்லிஃப்கள் அல்ல, வெறும் கடிதம் எழுதுகிறவர்கள். இந்தக் கட்டத்தில் வருகிற வெருட்டல் கடிதங்களைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பது உண்மைதான், உங்கள் ஆலோசனையில் உண்மை இருக்கிற ஒரே இடமும் இதுதான். ஆனால் அதே வரிசையில், அதே மாதிரிக் கவரில், ஒரு நாள் வழக்குப் போடப்போகிறோம் என்கிற "லெட்டர் ஆஃப் கிளெய்ம்" வரும், பதில் சொல்ல 30 நாள். அதற்கும் பதில் இல்லையென்றால் நோர்தாம்டனில் இருக்கிற நீதிமன்ற மையத்தில் இருந்து வழக்குப் படிவம் வரும். அது கையில் சேர்ந்ததாகக் கணக்கிடப்படும் நாளில் இருந்து 14 நாளுக்குள் ஒன்றும் செய்யாவிட்டால், யாரும் எதையும் விசாரிக்காமலே தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் சி.சி.ஜே என்கிற அந்தக் கடன் தீர்ப்பு ஆறு வருடம் கடன் பதிவில் இருக்கும், மோட்கேஜ் கேட்கப் போகும்போதுதான் தெரியவரும். வழக்குப் போடக் கம்பெனிக்கு ஆறு வருடம் இருக்கிறது, "ரெண்டு வருஷமாச்சு, இனி வராது" என்பதும் சரியில்லை.

இதில் நம் ஆட்கள் மாட்டுப்படுகிற விதம் தனி. வண்டி மாமாவின் பெயரில், ஓட்டுவது மருமகன். அல்லது ஒரு அறையில் வாடகைக்கு இருந்த பொடியன் வேறு இடத்துக்குப் போய்விட்டான், லாக் புக் என்கிற வண்டிப் பதிவில் பழைய முகவரி. கடிதங்கள் எல்லாம் பழைய வீட்டின் படிக்கட்டில் பிட்சா விளம்பரங்களோடு கிடக்கின்றன, இவனுக்கு ஒன்றும் தெரியாது, தீர்ப்பும் அங்கேயே போகிறது. அதை நீக்கக் கேட்டு விண்ணப்பிக்க மட்டும் 300 பவுணுக்கு மேல் கட்டணம். ஆரம்பத்திலேயே கட்டியிருந்தால் சலுகைத் தொகையான 60 பவுணோடு முடிந்திருக்க வேண்டிய, அல்லது ஒன்றுமே கட்டாமல் முடிந்திருக்கக்கூடிய விஷயம் அது. வீடு மாறுகிறவர்களிடம் வண்டிகளைப் பதிகிற அரசாங்க அலுவலகமான டிவிஎல்ஏயில் முகவரியை மாற்றச் சொல்லுங்கள், பார்க்கிங் ஆலோசனை எல்லாவற்றையும்விட இது பிரயோசனமானது.

உடனே கட்டுகிறவர்களை நான் பிழை சொல்லவில்லை. 14 நாளுக்குள் கட்டினால் 100 பவுண் 60 ஆகும். பலகை வாசலிலேயே பெரிதாக இருந்தது, இரண்டு மணி நேரம் என்று தெளிவாகப் போட்டிருந்தது, நீங்களோ மூன்றரை மணி நேரம் நின்று ஹை ஸ்ட்ரீட் முழுக்கச் சுத்தினீர்கள், கடிதமும் நேரத்துக்கு வந்துவிட்டது என்றால் 60 பவுணைக் கட்டிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதுதான் புத்தி. கோபத்துக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் கடிதத்தை வாசிக்காமல் பயத்தில் கட்டுவது வேறு. டிவிஎல்ஏயிடம் ஒரு வண்டியின் விவரத்துக்கு 2 பவுண் 50 சதம் கட்டி, வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட விவரங்களை இந்தக் கம்பெனிகள் வாங்குகின்றன. அந்த அளவில் கடிதங்களை மெஷின்தான் அனுப்புகிறது, மனிதர் ஒருவர் உட்கார்ந்து சரிபார்ப்பதாக நினைக்க வேண்டாம்.

எதிர்ப்பதா கட்டுவதா என்று முடிவெடுக்க நான் முதலில் பார்ப்பது திகதியைத்தான், கதையைக் கேட்பதற்கு முன்னாலேயே. கண்ணாடியில் டிக்கெட் ஒன்றும் ஒட்டாமல் கமராவை வைத்து அனுப்பிய கடிதம் என்றால், வண்டி நின்ற நாளுக்கு அடுத்த நாளில் இருந்து எண்ணி 14 நாளுக்குள் அது வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் போதாது, சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்டால் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகக் கணக்கு. ஆகவே 1ஆம் திகதி சனிக்கிழமை வண்டி நின்றது என்றால் 15ஆம் திகதிக்குள் கடிதம் சேர வேண்டும். 14ஆம் திகதி வெள்ளி தபாலில் போட்ட கடிதம் 18 செவ்வாய்க்கிழமைதான் சேர்ந்ததாகும், அது பிந்திவிட்டது. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு: முதல் 28 நாள் பொறுத்திருந்து, அதற்கடுத்த 28 நாளுக்குள் கடிதம் வர வேண்டும்.

பிந்திவிட்டால் என்ன என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். கடிதம் பிந்தியதால் தொகை இல்லாமல் போய்விடாது. வண்டி பதிவாகியிருக்கிற ஆளைப் பிடிக்கிற உரிமைதான் கம்பெனிக்கு இல்லாமல் போகிறது, ஓட்டியவர் அப்போதும் பொறுப்புத்தான். ஆனால் ஓட்டியவர் யார்? கம்பெனிக்குத் தெரியாது, அதைச் சொல்ல வேண்டிய சட்டக் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. பொலிஸ் கேட்டால் சொல்ல வேண்டும், தனியார் கம்பெனி கேட்டால் இல்லை. விமான நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் தனி விதிகள் இருந்தால் அங்கே அந்த 4ஆவது அட்டவணையே பொருந்தாது, அங்கேயும் இதே வாதம் கைகொடுக்கும்.

இந்த இடத்தில் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, உங்களைப் போன்ற ஒருவரின் கடை முன்னால்தான் வண்டியை விட்டவர். கம்பெனியின் கடிதம் வந்தது மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு வரி எழுதினால் முடிந்திருக்கும். அவர் என்னிடம் வருவதற்கு முன்னாலேயே கம்பெனிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டார். "அன்புள்ள ஐயா, மகளின் பிறந்தநாளுக்கு ரோல்ஸும் பற்றீஸும் எடுக்க வந்தேன், வண்டியை நான்தான் நிறுத்தினேன், கடையில் சனம் கூட, அதனால் பிந்திவிட்டது, மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது" என்று. மரியாதையான, நல்ல மனுஷியின் கடிதம். ஓட்டியது யார், எவ்வளவு நேரம் நின்றது, பிழை யாருடையது என்று கம்பெனி நிரூபிக்க வேண்டிய எல்லாவற்றையும் அதில் தன் கையாலேயே எழுதிக்கொடுத்திருந்தார். கடைசியில் அவர் 60 பவுணைக் கட்டினார், அந்த நிலையில் வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே உங்களிடம் கடிதத்தைக் கொண்டுவருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்: எழுதுவதானால் "வண்டி பதிவாகியிருப்பது என் பெயரில், அந்த முறையில் எழுதுகிறேன்" என்று தொடங்கட்டும். ஓட்டியவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் "ஓட்டுநர்" என்று மட்டும் வரட்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை, கேட்காததைக் கொட்ட வேண்டாம் என்கிறேன். மன்னிப்புக் கேட்டால் மனம் இரங்குவார்கள் என்பது ஊரில் கிராம சேவகரிடம் சரிவரும், இங்கே அதை வாசிப்பது பெரும்பாலும் டெம்ப்ளேட் பதில் அனுப்பும் ஒரு அலுவலகம்.

அடுத்தது கமரா. அது வண்டி உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் பிடிக்கிறதே தவிர, வண்டி நின்ற நேரத்தை அல்ல. தீபாவளிக்கு முதல் சனிக்கிழமை உங்கள் கார் பார்க்கில் இடம் தேடிச் சுற்றியதும், வெளியேற வரிசையில் நின்றதும் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். பலகையை வாசித்து இருப்பதா போவதா என்று முடிவெடுக்க குறைந்தது 5 நிமிடம், நேரம் முடிந்த பிறகு வெளியேற 10 நிமிடம் என்று கம்பெனிகளின் இரண்டு சங்கங்களும் சேர்ந்து 2024 அக்டோபரில் கொண்டுவந்த நடைமுறைக் கோவையிலேயே இருக்கிறது. காலையில் ஒரு தரம் வந்து பால் வாங்கிப் போய், பின்னேரம் திரும்ப வந்தவருக்கு ஏழு மணி நேரம் நின்றதாகக் கடிதம் வருவதும் உண்டு. நடுவில் வெளியே போனதையும் திரும்ப வந்ததையும் கமரா தவறவிட்டிருக்கும். இப்படியான நேரத்தில் இடையில் வண்டி வேறெங்கோ நின்றதற்கு ஒரு பெற்றோல் பில், ஒரு ஃபோன் படம் இருந்தால் போதும். அதனால்தான் பில்லைக் கசக்கி எறிய வேண்டாம் என்கிறேன்.

பிறகு நம்பர் அடிக்கிற கதை. உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டாப்லெட் இருக்கிறதே, வாடிக்கையாளர் வண்டி நம்பரை அடித்தால் இரண்டு மணி நேரம் இலவசம் என்று. நான் போகிற கடையில் அது முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பின்னால், கண்ணாடி முழுக்க எண்ணெய்க் கை பட்ட அடையாளத்தோடு இருக்கிறது. "ஓ"வும் பூச்சியமும் ஒன்றுக்குப் பதில் மற்றது அடிபடும். வயது போனவர்கள் மனைவியின் காரின் நம்பரை அடித்துவிட்டு வருவார்கள். ஓரெழுத்து மாறிய சின்னப் பிழை என்றால் முறையிட்டதும் ரத்து செய்ய வேண்டும், பெரிய பிழை என்றால் 20 பவுணுக்குக் குறைக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோவையில்தான் இருக்கிறது. ஆனால் முறையிட்டால்தான் அது நடக்கும். குப்பையில் போட்டவருக்கும் உடனே கட்டியவருக்கும் அது கிடையாது.

பலகையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பலகை தெரியாவிட்டால் ஒப்பந்தமே இல்லை. லண்டன் வால்தம் ஃபாரஸ்டில் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும் வழியில் உடம்புக்கு முடியாமல் தனியார் நிலத்தில் வண்டியை நிறுத்தி இறங்க, அதற்குள் வண்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். எச்சரிக்கைப் பலகையை அங்கே நின்ற வேறொரு வண்டி மறைத்துக்கொண்டு நின்றது. 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பார்க்காத பலகைக்கு அவர் ஒத்துக்கொண்டதாக எடுக்க முடியாது. பூட்டு ஒழிந்துவிட்டாலும் அந்த நியாயம் இன்றைக்கும் செல்லும். உங்கள் இடங்களில் பலகையை மறைப்பது வேறொரு வண்டி அல்ல, நீங்கள்தான். "தீபாவளி அதிரடி விலைக்கழிவு, 10 கிலோ சம்பா" என்று கம்பத்தில் கட்டிய பெரிய ஃப்ளெக்ஸ் பானர், அதற்குப் பின்னால் பலகையின் கீழ்ப்பாதி, அந்தக் கீழ்ப்பாதியில்தான் 100 பவுண் என்று எழுதியிருக்கிறது. வாடிக்கையாளருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, நான் படம் எடுக்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் பானரை இறக்குங்கள்.

முறைப்பாடு எங்கே போகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கம்பெனிக்கே, 28 நாளுக்குள். 14 நாளுக்குள் எழுதினால் நல்லது, ஏனென்றால் நிராகரித்தாலும் அந்த 60 பவுண் சலுகையை வழமையாகத் திரும்பத் தருவார்கள், ஆகவே ஒரு தரம் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. நிராகரித்தால் கம்பெனி எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து பொப்லா அல்லது ஐ.ஏ.எஸ் என்கிற மேல்முறைப்பாட்டுச் சேவைக்குப் போகலாம். பொப்லாவுக்குப் போகக் காசு இல்லை, அங்கே நீங்கள் வென்றால் கம்பெனி கட்டுப்பட வேண்டும், தோற்றால் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை, ஆனால் அந்தச் சலுகை போய்விடும். ஐ.ஏ.எஸ்ஸில் வெல்வது கடினம் என்ற முறைப்பாடு பரவலாக இருக்கிறது. கையில் பலமான ஆதாரம் இல்லாமல் அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

நீதிமன்றம் என்றதும் நம் ஆட்களுக்குக் கை நடுங்குகிறது. சிறு வழக்குப் பிரிவு அது, பெரும்பாலும் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு நீதிபதி. தோற்றால் அசல் தொகை, வழக்குக் கட்டணம் 35, சட்டத்தரணிக்கு 50, விசாரணைக் கட்டணம் என்று கூட்டினால் 200 பவுணைத் தாண்டும், ஆனால் தோற்றாலும் வழமையாக மற்றத் தரப்பின் முழுச் செலவும் நம் தலையில் விழாது. முக்கியமாக, வழக்காடித் தோற்றாலும் ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் அந்த சி.சி.ஜே பதிவில் இருந்து நீங்கிவிடும். ஆகவே கணக்கு இதுதான்: இப்போதே 60 கட்டுவதா, அல்லது கையில் இருக்கிற ஆதாரத்தை நம்பி 200க்கு மேல் போகக்கூடிய ஆபத்தை எடுப்பதா. திகதி பிந்திய கடிதம், மறைந்த பலகை, இரண்டு தரம் வந்ததற்கான பில் என்று ஒன்று கையில் இருந்தால் நான் எதிர்ப்பேன். "எல்லோரும்தானே நிற்கிறார்கள்" என்பது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் கட்டிவிடுவேன்.

இவ்வளவும் வாடிக்கையாளர் செய்ய வேண்டியது. இனி உங்கள் பங்கு.

அந்தக் கம்பெனியை வெளியில் இருந்து யாரும் அனுப்பவில்லை. நீங்களோ, உங்கள் நிலச் சொந்தக்காரரோ கையெழுத்து வைத்துத்தான் வந்தார்கள். "எங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை, கமரா, பலகை எல்லாம் அவங்கள் போடுறாங்கள்" என்று பெருமையாகச் சொன்ன முதலாளியை எனக்குத் தெரியும். செலவில்லாமல் ஒருவர் வந்து கமரா பூட்டுகிறார் என்றால் அந்தக் காசு எங்கேயிருந்து வருகிறது? பீவிஸ் வழக்கில் கம்பெனி நில உரிமையாளருக்குக் கிழமைக்கு 1,000 பவுண் கொடுத்துத்தான் அந்த கார் பார்க்கை நடத்தியது என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. நேரத்துக்கு மேல் நின்றவர்களிடம் அறவிட்டுத்தான் அது சரிக்கட்டப்பட்டது. உங்கள் கடையில் அரிசி மூட்டை வாங்கியவர்தான் உங்கள் கமராவுக்குக் காசு கட்டுகிறார்.

ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் நாள் முழுக்க விட்டுவிட்டுப் போனால் உங்கள் வியாபாரம் படுத்துவிடும், அதனால்தான் கொண்டுவந்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வாடிக்கையாளருக்கு வந்த கடிதத்தை ரத்து செய்யச் சொல்ல உங்களால் முடியும். நிலத்துக்கு உரிமையுள்ளவர், அல்லது அவர் மூலம் கடைக்காரர், "இவர் எங்கள் வாடிக்கையாளர், ரத்து செய்யுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலான கம்பெனிகள் செய்துவிடுகின்றன. மேலே நான் சொன்ன திகதிக் கணக்கு, பொப்லா, நோர்தாம்டன் எல்லாவற்றையும்விட அது சுருக்கமான வழி. பெரிய சூப்பர்மார்க்கெட்டில் வரவேற்பு மேசைக்குப் போய் பில்லைக் காட்டினால் பல தடவை அங்கேயே செய்து தருகிறார்கள். நம் கடையில் அதே பில்லைக் காட்டினால் "குப்பையில போடுங்கோ" என்ற பதில்தான் வருகிறது. ரத்து செய்யலாம் என்பது உங்களில் பலருக்கே தெரியாது, ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கவில்லை. வருடத்தில் இத்தனை ரத்துக்கு மேல் முடியாது என்று அதில் எழுதியிருந்தால் அடுத்த தரம் கையெழுத்து வைக்கும்போது அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

மண்டபம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி. கல்யாணம், சாமத்தியவீடு என்றால் சனம் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கும், இருட்டில் வரும், பட்டுச்சேலையோடு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர் கம்பத்தில் இருக்கிற பலகையை அண்ணாந்து பார்க்க மாட்டார். மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும்போதே அன்றைய வண்டி நம்பர்களை விலக்கும் வழியை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லுங்கள். விருந்துக்கு வந்தவருக்குப் பத்து நாள் கழித்து 100 பவுண் கடிதம் போனால், அந்தப் பழி அழைத்தவர் தலையில்தான் விழுகிறது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 2019இலேயே இதற்கென்று ஒரு சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் கீழ் 2022 பெப்ரவரியில் ஒரு கோவை வந்தது, லண்டனுக்கு வெளியே பெரும்பாலான கட்டணத்துக்கு 50 பவுண் உச்ச வரம்பு, அந்த 70 பவுண் மேலதிகக் கட்டணத்துக்குத் தடை. கம்பெனிகள் நீதிமன்றம் போனதும் அதே வருடம் ஜூனில் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2025 ஜூலையில் மறுபடி கருத்துக் கேட்கத் தொடங்கினார்கள். அரசாங்கத்தின் கோவை வரும்வரைக்கும் கம்பெனிகளின் சங்கங்கள் தாங்களே எழுதிய கோவைதான் ஓடும். அதற்கும் நெருக்குதல் கொடுத்தால் வளையும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு: டெர்பியில் ஒரு பெண், ஃபோனில் சிக்னல் இல்லாமல் 5 நிமிடத்துக்குள் காசு கட்ட முடியாததற்காக 1,900 பவுணுக்கு மேல் கேட்கப்பட்டார், அது செய்தியாகி ஊரே திட்டித் தீர்த்த பிறகு கம்பெனி வழக்கை விட்டது, 2025 பெப்ரவரியில் கோவையிலும் அந்த விதியைத் திருத்தினார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பார்க்கிங் கடிதத்தோடு ஒருவர் வந்தால் மீன் கத்தியை ஒரு நிமிடம் கீழே வையுங்கள், கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி, உங்கள் கார் பார்க்கா, வேறெங்கோவா, வண்டி நின்ற திகதி என்ன, கடிதத்தின் திகதி என்ன என்று பாருங்கள். உங்களுடையது என்றால் பில்லின் படத்தோடு அன்றைக்கே ரத்து கேட்டு எழுதுங்கள். கம்பெனியின் பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள், அவரையும் தன் பங்குக்கு 14 நாளுக்குள் ஓட்டுநரின் பெயர் இல்லாமல் முறைப்பாடு போடச் சொல்லுங்கள், உங்கள் மின்னஞ்சல் பலிக்காவிட்டால் அவருடைய நாட்கள் வீணாகிவிடக் கூடாது. வேறு இடத்துக் கடிதம் என்றால், "எனக்குத் தெரியாது, இலவசமாக ஆலோசனை சொல்கிற சிற்றிசன்ஸ் அட்வைஸில் கேளுங்கள்" என்றாலே போதும், அது ஒன்றும் மரியாதைக் குறைவில்லை. ரத்து கேட்டு எழுத வேண்டிய முகவரி ஒப்பந்தத்தில் இருக்கும். கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், சனிக்கிழமை சாமான் வாங்க வரும்போது உங்களோடு இருந்து தேடித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கார் பார்க்கில் வண்டி விடுகிற ஒருவர்